பந்திங்கைக் கேட்டுவிட்டு மாற்றவும்

போன வாரம் ஷாமினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு நம் அலுவலகத்தில் சேர்ந்தவள். நேரில் இன்னும் பார்த்ததில்லை.

"அக்கா, ரிப்போர்ட் சர்வீஸோட மெமரி ஃபோல்டருக்கு 256 எம்பின்னு ஒரு லிமிட் இருக்கு. பக்கத்துல 'பந்திங்கைக் கேட்டுவிட்டு மாற்றவும்'னு யாரோ எழுதி வச்சிருக்காங்க. பந்திங்ல யாரக் கேக்கணும்? டீம்ல யாருக்கும் தெரியல. புது மெஷின்ல மெமரி நெறைய இருக்கு. லிமிட்ட தூக்கிரலாமா?"

அந்த யாரோ நான்தான். கேள்வி நியாயமானது. எனக்கும் அவள் வயதில், அர்த்தம் தெரியாத எண்ணைக் கண்டால் கை பரபரக்கும். 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் விட்டுவைத்த எண்ணை அடுத்த ஆண்டு வேறொருவர் எடுத்துவிடுவார். அதனால் உட்கார்ந்து முழுவதையும் எழுதுகிறேன். ஷாமினிக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் சாமர்த்தியமாக ஒன்றைச் சரிசெய்த கதை அல்ல. அதைக் கெடுத்ததே நான்தான்.

நம் மென்பொருள் யாருக்காக ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளான், தெலுக் பங்லிமா காராங், பந்திங் என்று ஏழு டயாலிசிஸ் மையங்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். இயந்திரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பும். ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு திரை. அதில் அந்த நோயாளியின் சார்ட். எவ்வளவு நேரம், எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், ஹெப்பரின் எவ்வளவு. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து ஹெப்பரின். அது ஆளுக்கு ஆள் மாறும். உடம்பில் எங்காவது ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்குப் போட்டுவிட்டால் கசிவு நிற்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் எல்லாவற்றையும் கண்டெய்னருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். என் அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் கண்டெய்னர் வேலை செய்கிறேன் என்றதும், "பிரிக்பீல்ட்ஸ் கடை மாடியில அத எப்படி ஏத்துனீங்க?" என்று கேட்டார். ஒரே இயந்திரத்துக்குள் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து ஓட்டுவது என்று விளக்கினேன். ஒரு பெட்டி கெட்டால் மற்றது கெடாது என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்தப் பெருமை அந்தத் தைப்பூசம் வரைக்கும் தாங்கியது.

ரிப்போர்ட் பெட்டியின் வேலை எளிது. மையங்களில் கைப்பேசியில் எடுத்து அனுப்பும் ரத்தப் பரிசோதனைத் தாள்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக்கிக் கொடுக்கும். அந்த வேலை நடக்கும்போது படங்களை வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்தேன். வேகமாக ஓடும். பெட்டியை மூடினால் எல்லாம் மறைந்துவிடும். நோயாளிகளின் தாள்கள் எந்த வட்டிலும் தங்காது. இரண்டும் நல்ல காரணங்கள்தான், இன்று செய்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் கோப்புறைக்கு அளவு சொல்லவில்லை.

அளவு சொல்லாவிட்டால் அப்படிப்பட்ட கோப்புறை இயந்திரத்தின் மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அது லினக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும் அளவு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். 'நாலு தாள் படம், எவ்வளவு வந்துவிடப் போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டேன். பெட்டிக்கும் வரம்பு வைக்கவில்லை. எண்ணை எழுதாமல் விட்டதால் நான் எதையும் முடிவு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பாதி இயந்திரத்தைக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தேன்.

இனி மையங்களில் இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியாட்களுக்கு இது தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

தைப்பூசத்தன்று காலை ஷிஃப்ட்டில் வரும் நம்மவர்கள் கோவிலுக்குப் போக வேண்டும். டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. அதனால் மாலை ஷிஃப்ட்டில் வரும் சீனர்களும் மலாய்க்காரர்களும் அன்றைக்கு மட்டும் காலையில் வந்து, தங்கள் மாலை நாற்காலியை நம்மவர்களுக்குக் கொடுப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம்மவர்கள் அதைத் திருப்பிச் செய்வார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படிவம் உண்டு, மூன்று கையெழுத்துடன். அடுத்த ஷிஃப்ட் தாதிக்கு ஆளைத் தெரியாது என்பதால் மூன்று மாதத்து ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் பெரிய தொகுப்புகளை முடிந்ததும் அழிக்க வேண்டிய இடத்தில் என் நிரல் அழிக்கவில்லை. வாரா வாரம் புதுப் பதிப்பு போடும்போது பெட்டி மூடித் திறக்கும், எல்லாம் காணாமல் போகும். அதனால் பிழை கண்ணில் படவே இல்லை. தைப்பூச வாரத்தில், பண்டிகை நேரத்தில் எதையும் தொடக்கூடாது என்று நாங்களே ஒரு விதி வைத்திருந்தோம். எதையும் தொடவில்லை. கோப்புறை நிரம்பிக்கொண்டே இருந்தது.

தைப்பூசம் அன்று காலை பொறுப்பு என்னுடையது. பாதிப் பேர் பத்துமலை முருகன் கோவிலில். மேலாளர் பால்குடம் எடுக்கிறார், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் தனியாக, கீழே கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஏழேகாலுக்கு போன் வந்தது.

"மேடம், பந்திங் சென்டர்லேர்ந்து பேசறேன். ஸ்கிரீன் எல்லாம் கருப்பா இருக்கு. சார்ட் வரல. பன்னெண்டு பேரும் வந்து ஒக்காந்துட்டாங்க."

பந்திங் மையத்தின் தாதி. நம் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அவர் அதுவரை ஒரு குரல் மட்டும். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர் என்பது பிறகு தெரிந்தது. பெயர் போடக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் பந்திங் மிஸ்ஸி என்றே எழுதுகிறேன்.

"ரெண்டு நிமிசம் மிஸ்ஸி, பாத்துர்றேன்" என்றேன்.

பார்த்தால் சார்ட் பெட்டி செத்துக் கிடக்கிறது. நினைவகம் தீர்ந்துபோனால் இயந்திரம், ஓடிக்கொண்டிருப்பவற்றில் பெரியதாகப் பார்த்துக் கொல்லும். சார்ட்தான் பெரியது, அதனால் கொன்றிருந்தது. நான் அதைத் திரும்ப ஓடவிட்டேன். திரைகள் வந்தன. ஒரு சார்ட் திறக்கும் முன்பே போயின.

"மேடம், வந்துச்சு, போயிருச்சு."

மறுபடியும் ஓடவிட்டேன். மறுபடியும் போனது. மூன்றாவது முறையும் அதையே செய்தேன். சார்ட்தான் கெட்டுவிட்டது என்று மனத்தில் பதிந்துவிட்டது. சாகிறது அது, ஆகவே குற்றவாளியும் அதுதான் என்று நினைத்தேன். தின்றுகொண்டிருந்தது பக்கத்துப் பெட்டியின் கோப்புறை. கோப்புறை என்பது ஓடும் நிரல் அல்ல, அதைக் கொல்ல முடியாது. அதனால் இயந்திரம் குற்றமில்லாததைக் கொன்றுகொண்டே இருந்தது. நினைவகமோ விடுபடவே இல்லை.

இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மற்ற மையங்களிலிருந்தும் போன் வந்துகொண்டிருந்தது. அங்கெல்லாம் பழைய ஆட்கள் இருந்ததால் ஏதோ சமாளித்தார்கள். பந்திங்கில்தான் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் மாலை ஷிஃப்ட்டிலிருந்து மாறி வந்தவர்கள். மிஸ்ஸி அவர்களை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நேரம் போகப் போக, மாலையில் வருகிறவர்களுக்கும் நாற்காலி கிடைக்காது. என் கழுத்து வியர்த்துவிட்டது. அந்த நிலைமையில்தான் அதைச் சொன்னேன்.

"மிஸ்ஸி, போன வாரம் பிரின்ட் எடுத்த சார்ட் ஃபைல்ல இருக்கும்ல? அத வச்சு ஆரம்பிச்சிருங்க. ஒரு வாரத்துல பெருசா என்னா மாறிடப் போவுது."

"மாறலன்னு யாரு சொன்னா?"

"இல்ல மிஸ்ஸி, பொதுவா சொல்றேன்…"

"மேடம், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. மெஷின்ல ஹெப்பரினுக்கு ஒரு நம்பர் இருக்கு, யாரோ செட் பண்ணது. பழைய பேப்பர்ல ஒரு நம்பர் இருக்கு. ரெண்டையும் நான் நம்ப மாட்டேன். டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். சார்ட் இல்லாம அவருக்கும் ஆளாளுக்கு என்னான்னு தெரியாது. யாருக்கும் ஹெப்பரின் வேணாம், அப்படியே ஓட்டுன்னு சொல்லிட்டாரு. நான் ஆரம்பிக்கிறேன். நீங்க உங்க வேலையப் பாருங்க லா."

போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. உதவி செய்யப்போனால் முகத்தில் அடிக்கிறாரே என்று இருந்தது.

ஹெப்பரின் இல்லாமல் ஓட்டுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அரைமணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உப்புநீர் விட்டு அலச வேண்டும். பன்னிரண்டு நாற்காலி. உதவிக்கு இரண்டே பேர், மற்றவர்களைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு மிஸ்ஸி தானே அந்த நாளை ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடித்துத் திரும்பினால் அடுத்த சுற்று வந்துவிடும். எளிதான வழியை நான் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் கால் ஓயும் வழியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று நடந்தது. அவர் ஆரம்பித்துவிட்டதால் என் தலைக்கு மேல் இருந்த கத்தி கொஞ்சம் உயர்ந்தது. முதல் தடவையாக, ஓடவிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஓடும் நிரல்களெல்லாம் சேர்ந்து எடுத்திருப்பது ஒரு கணக்கு, இயந்திரம் காலி என்று காட்டுவது வேறு கணக்கு. நடுவில் எட்டு ஜிபி யார் பேரிலும் இல்லாமல் நின்றது. பதினாறில் சரியாகப் பாதி. அந்தப் 'பாதி'யைப் பார்த்ததும் அளவு சொல்லாத கோப்புறை நினைவுக்கு வந்தது. அது என் கைவேலை என்று உடனே தெரிந்துவிட்டது.

ரிப்போர்ட் பெட்டியை மூடினால் போதும், எல்லாம் விடுபடும். கூடவே அந்த வாரத்து மாற்றுப் படிவங்களும் மறைந்துவிடும். இந்தத் தடவை நானாக ஊகிக்கவில்லை. பந்திங்குக்கு போன் போட்டேன்.

"மிஸ்ஸி, மாத்துப் படிவம் எல்லாம் பேப்பரா உங்க கைல இருக்கா? இங்க இருக்கறது அழிஞ்சிரும்."

"இருக்கு. கையெழுத்து வாங்குனத நான் தூக்கிப் போடவே மாட்டேன். அழிங்க."

மற்ற ஆறு மையங்களையும் அதே கேள்வி கேட்டேன். பிறகு மூடினேன். சார்ட் எழுந்தது, நின்றது. ஒன்பது மணி ஆகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி திரும்ப அழைத்தார். குரலில் மூச்சு வாங்கியது.

"மேடம், சார்ட் எல்லாம் வந்துருச்சு. ஏழாவது நாற்காலில ஒரு சீன அங்கிள். ரிட்டயர்ட் பஸ் டிரைவர். காலைல ஆரம்பிக்கும்போது ஒவ்வொருத்தரையும் கேட்டேன், எங்கயாச்சும் ரத்தம் வருதா, விழுந்தீங்களான்னு. அவரு 'சாமா சாஜா லா, மிஸ்ஸி'ன்னாரு."

எப்போதும் போலத்தான் என்று அர்த்தம். தொந்தரவு கொடுக்க விரும்பாத எல்லா அங்கிள்களும் சொல்கிற பதில்.

"இப்ப சார்ட் பாத்தா, நேத்து சாயந்தர ஷிஃப்ட் டாக்டர் மாத்திருக்காரு. வயித்துல ரத்தம் கசியுது. ஹெப்பரின் கூடாதுன்னு செவப்புல போட்டிருக்கு."

"போன வாரப் பேப்பர்ல என்ன இருக்கு மிஸ்ஸி?"

"ஃபுல் டோஸ்."

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நன்றாக அழுதேன். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்து, எத்தனையோ இயந்திரங்களை விழவைத்து எழுப்பியிருக்கிறேன். ஒரு மனிதரின் உயிருக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை. மிஸ்ஸி என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த அங்கிள் அன்றைக்கு என்ன ஆகியிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. கேட்காமல் இருந்ததற்காக அந்த இடத்திலேயே, யாரும் இல்லாத படியில், அவருக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன்.

மதியம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார். "நீங்க சொன்னத நான் கேக்கவே இல்லியே."

சம்பவ அறிக்கையில் நான் சொன்ன அந்த யோசனையையும் எழுதினேன். பால்குடம் எடுத்துவிட்டு வந்த மேலாளர், "இது வேணாமே, டெக்னிக்கலா சம்பந்தமில்லயே" என்றார். சம்பந்தம் உண்டு என்று சொல்லி விட்டுவைத்தேன். பதற்றத்தில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரியாத துறையில் யோசனை சொல்வார்கள். உங்களுக்கும் ஒருநாள் அப்படி வாயில் வரும். அப்போது நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சூடு பட்டதால் அடுத்த தவற்றுக்கு ஓடினேன். கோப்புறைக்கு 16 எம்பி வரம்பு போட்டேன். எங்கேயிருந்து வந்தது 16? எங்கேயிருந்தும் இல்லை. சின்னதாக, கட்டுப்பாடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இனி எதுவும் நிரம்பாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாளில் பந்திங்கிலிருந்து போன்.

"மேடம், ரிப்போர்ட் தெறந்தா வெள்ளப் பேப்பர் வருது."

படங்கள் பதினாறுக்குள் அடங்கவில்லை. இடமில்லை என்று இயந்திரம் சொல்லியிருக்கிறது. என் நிரல் அதைக் காதில் வாங்காமல், கிடைத்ததை வைத்து வெற்றுத் தாளாக அனுப்பியிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்துர்றேன் மிஸ்ஸி" என்றேன்.

"இடம் அப்பறம் கொடுங்க. மொதல்ல தெரியலன்னா தெரியலன்னு சொல்லச் சொல்லுங்க. வெள்ளையா காட்டுனா, ஒண்ணும் பிரச்சனை இல்ல போலன்னு புதுசா வர்ற பிள்ளைங்க நெனச்சுக்குவாங்க."

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. "மிஸ்ஸி, நான் ஒரு நாள் அங்க வந்து ஒக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க. குறுக்க நிக்காம ஓரமா ஒக்காருங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பந்திங் போகும் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர எட்டு மணி ஆனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் கொடுத்தார்கள். மதியம் வரை அங்கேயே இருந்தேன். முப்பது வருடத்தில் என் மென்பொருளை ஒருவர் பயன்படுத்துவதை நான் முழுதாகப் பார்த்த முதல் நாள் அதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

உதவியாளர்கள் தாள்களைப் படம் எடுப்பதைப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுத்தார்கள்.

"காலிப் பக்கத்த எதுக்கும்மா எடுக்கறீங்க?"

"ஒரு தடவ ஆடிட்ல வந்தவரு பின்னாடி என்னா இருந்துச்சுன்னு கேட்டுட்டாரு ஆன்டி. அதுலேர்ந்து எடுத்துர்றோம்."

நான் நான்கு தாள் என்று நினைத்தது அவர்களுக்கு முப்பது படம். ஒவ்வொன்றும் கைப்பேசி எடுக்கும் முழு அளவில். பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து இதை ஊகித்திருக்கவே முடியாது. அலுவலகம் திரும்பி, முடிந்ததை உடனே அழிக்கும்படி நிரலைத் திருத்தினேன். அதன் பிறகு இரண்டு வாரம் அளந்தேன். ஏழு மையமும் ஒரே நேரத்தில் அனுப்பும் மோசமான காலையில் 120 எம்பிக்குப் பக்கத்தில் போனது. தைப்பூசம், பெருநாள், சீனப் புத்தாண்டை நினைத்து அதை இரட்டிப்பாக்கினேன். 240 வந்தது, கணினிக் கணக்குக்குத் தோதாக 256 என்று வைத்தேன். பெட்டிக்கு ஒரு ஜிபி வரம்பு. கோப்புறை நிரம்பினாலும் பெட்டி சாகாது, பெட்டியே செத்தாலும் சார்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. நிரம்பினால் திரையில் என்ன சொல்ல வேண்டும் என்று மிஸ்ஸியிடமே கேட்டு, அவர் சொன்னபடி எழுதினேன்: 'ரிப்போர்ட் வைக்க இடமில்லை. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. சார்ட் சரியாக உள்ளது.'

ஷாமினி, நீ கேட்ட எண்ணின் பிறப்பு இதுதான். புதிதாக வரும் எல்லாப் பெட்டிகளுக்கும் நாம் முன்கூட்டியே வைத்திருக்கும் வரம்பும் இதிலிருந்து வந்ததுதான். அளந்தவர்களுக்கு அளந்த எண். அளக்காதவர்களுக்கு 64, நிரம்பினால் சத்தம் போடும். யாருக்கும் 'எவ்வளவு வேண்டுமானாலும்' கிடையாது. ஒருவர் வந்து கேட்டால், ஏன் என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். ஆளைத் தெரியாத நேரத்தில் மிஸ்ஸி என்ன செய்தாரோ அதைத்தான் நான் இயந்திரத்தில் எழுதிவைத்தேன். தெரியாதபோது, தவறாகப் போனாலும் யாரும் சாகாத பக்கமாகச் சாய்ந்து நின்றார். அதனால் வரும் கூடுதல் வேலையைத் தான் செய்தார், நோயாளி தலையில் போடவில்லை.

புது இயந்திரத்தில் நினைவகம் நிறைய இருக்கிறது என்கிறாய். உண்மை. அதில் பாதி என்பதும் இப்போது நிறைய. நிரம்ப இன்னும் அதிக நாள் ஆகும், அவ்வளவுதான். நிரம்பும் நாளில் அலுவலகத்தில் யார் இருப்பார்கள் என்பதை உன்னால் தேர்ந்தெடுக்க முடியாது.

'பந்திங்கைக் கேட்டுவிட்டு மாற்றவும்' என்று எழுதியது மிஸ்ஸியை மனத்தில் வைத்துத்தான். அவருக்கு இது தெரியும். ஒருமுறை காட்டினேன். "என் பேரு இல்லாம ஊரு பேரு போட்டீங்களே, அதுவே போதும்" என்றார்.

நான் இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றது ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். சர்க்கரை என் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்றபோது மகன் கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு மையம் பார்த்து வைத்திருந்தான். நான் பந்திங் என்றேன். "எதுக்கும்மா அவ்ளோ தூரம்?" என்று கேட்டான். என் பேச்சைக் கேட்காத மிஸ்ஸி அங்கேதான் இருக்கிறார் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கொண்டுபோய் விடுகிறான்.

போன மாதம் நடந்தது இது. நாற்காலியில் சாய்ந்தேன். மிஸ்ஸி வந்து, எல்லோரையும் கேட்பது போலவே என்னையும் கேட்டார்.

"ஏதாச்சும் மாத்தம் இருக்கா அக்கா? விழுந்தீங்களா, ரத்தம் கித்தம் வந்துச்சா?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி. எப்பவும் போலத்தான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் படித்தார்.

"அப்ப நேத்து கடவாப் பல்லு புடுங்குனது யாரு, நானா?"

பல் எடுக்கப் போவதை மையத்து டாக்டரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் ஹெப்பரின் வேண்டாம் என்று சார்ட்டில் போட்டிருந்தார். மிஸ்ஸியிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பதையே சுத்தமாக மறந்துவிட்டேன். இத்தனையும் தெரிந்த நானே அந்த அங்கிள் சொன்ன அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே உப்புநீர்ப் பையை மாட்டினார். அன்று அரைமணிக்கு ஒரு தரம் எனக்காக நடந்தார். ஒவ்வொரு தரமும் பக்கத்துத் திரையை ஒரு பார்வை பார்த்தேன். சார்ட் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே ஷாமினி, 256ஐ மாற்றவே கூடாது என்று சொல்ல மாட்டேன். காலம் மாறும், படங்களின் அளவு மாறும், எண்ணும் மாறத்தான் வேண்டும். மாற்றும் முன் ஒரு நாள் பந்திங்கைக் கேள். செவ்வாய், வியாழன், சனி, காலை ஷிஃப்ட். ஜன்னலோரம் நாலாவது நாற்காலியில் இருப்பேன்.